கணக்கின்றி எழும் மாடிகள்

தன் மனையில் தான் விரும்பியவாறு வீடு கட்டிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கட்டி முடிக்கப்பட்ட வீடு நிலைத்து நிற்குமா என்னும் வினா, அதைக் கட்டியவரோடு முடிந்துவிடும் தனிவினாவாக ஒருபோதும் இருந்ததில்லை. மேல்தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பம், கீழ்த்தளக் கடைக்கு வந்து செல்லும் மக்கள், ஒற்றைச் சுவர் இடைவெளியில் அடுத்த மனையில் உறங்கும் குழந்தைகள், இருபது ஆண்டுகள் கழித்து அவ்வீட்டை விலைகொடுத்து வாங்கப்போகும் முகமறியாத ஒருவர் ஆகிய அனைவரும், தாங்கள் ஒருமுறைகூடப் பார்த்திராத கம்பிகளின்மீதும், தாங்கள் படித்தறிய இயலாத ஒரு கணக்கின்மீதும் நம்பிக்கை வைத்தே வாழ்கின்றனர். அந்நம்பிக்கைக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட்டு, தவறு நேரின் விடைசொல்லக் கடமைப்பட்டவரையே கட்டமைப்புப் பொறியாளர் என்கிறோம்.

அவருடைய பணி கண்ணுக்குப் புலப்படாதது. அறைகளின் அமைப்பையும் முகப்பின் அழகையும் வகுப்பவர் கட்டடக் கலைஞர். செங்கல்லையும் காரையையும் கையால் எடுத்து வைப்பவர் கொத்தனார். இவ்விருவருக்கும் இடையே நின்று, மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் எடை தளத்துக்கும், தளத்திலிருந்து உத்திரத்துக்கும், உத்திரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து கடைக்காலுக்கும், அங்கிருந்து மண்ணுக்கும் எவ்வழியே இறங்குகிறது என்பதைப் பின்தொடர்ந்து, அவ்வழியில் எந்த ஓரிடமும் தன் ஆற்றலுக்கு மீறிச் சுமக்காதவாறு கம்பியின் பருமனையும் கான்கிரீட்டின் தரத்தையும் வரையறுப்பவர் கட்டமைப்புப் பொறியாளர். 1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். 1,000 சதுர அடிப் பரப்பில் 5 அங்குலக் கனத்தில் இடப்படும் தளம், தட்டோடும் மேற்பூச்சும் சேராமலேயே, ஏறத்தாழ 29 டன். 10 அடி உயரமுள்ள 9 அங்குலச் செங்கற்சுவர், நீளத்தில் ஓரடிக்கு ஏறத்தாழ 400 கிலோ. இவ்வெண்களை அறியாமலேயே கட்டப்பட்ட வீடுகள் பல இன்றும் நிற்கின்றனவே என்று கேட்போர் உண்டு. நிற்கின்றன, பழக்கத்தால் கொத்தனார் கூடுதலாகச் சேர்த்துவிடும் இரண்டு கம்பிகளின் புண்ணியத்தால் நிற்கின்றன. அந்தக் கூடுதல் கம்பி எத்தனை மாடிக்கு ஈடுகொடுக்கும் என்பதுதான் எவருக்கும் தெரியாது.

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியே சிதம்பரத்துக்குப் பேருந்தில் செல்வோர், சாளரத்தின் வழியே சற்றே தலையை உயர்த்தினால் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஒரு தளத்தோடு நின்றுவிட்ட வீடுகளின் உச்சியில், தூண்களின் தலையிலிருந்து நான்கு நான்காகவும் ஆறு ஆறாகவும் வானை நோக்கி நிற்கும் கம்பிகள். மகன் வேலைக்குச் சென்றபின், மகளுக்கு மணம் முடிந்தபின், வளைகுடாவிலிருந்து பணம் வந்தபின் எழுப்பப்படவிருக்கும் மாடிக்காக அவை விட்டுவைக்கப்பட்டவை. சில வீடுகளில் அவற்றின் முனையில் காலிப் புட்டிகள் கவிழ்க்கப்பட்டிருக்கும், சிலவற்றில் துணி உலர்த்தும் கொடி கட்டப்பட்டிருக்கும், பெரும்பாலானவற்றில் ஒன்றுமிராது. உப்புக்காற்றில் பத்து மழைக்காலம் கண்ட அக்கம்பியை விரலால் தேய்த்தால் செதில் செதிலாக உதிர்கிறது. 12 மில்லிமீட்டர் என்று வாங்கிய கம்பியில் இப்போது எஞ்சியிருப்பது எவ்வளவு என்று அளந்து பார்ப்பார் இல்லை. கம்பி தூணுக்குள் நுழையுமிடத்தில் துருநீர் வடிந்து செம்பழுப்புக் கோடொன்று சுவர்வரை இறங்கியிருக்கும். உள்ளே நடப்பதைக் கட்டடம் தானாகவே எழுதிக் காட்டும் கடிதம் அது. மாடி எடுக்கும் நாள் வந்ததும், அதே கம்பியை நிமிர்த்தி, புதுக்கம்பியை அதனோடு பிணைத்து, 29 டன்னையும் அதன்மேல் எழும் சுவர்களையும் ஏற்றிவிடுகிறோம்.

‘அந்தக் காலத்திலேயே மூன்று மாடிக்குத் தாங்குகிற மாதிரி கடைக்கால் போட்டிருக்கிறது’ என்னும் சொல்லைக் கடலூர் மாவட்டத்தில் கேட்காத தெரு இல்லை. தந்தை சொன்னதாக மகன் சொல்வார். மேஸ்திரி சொன்னதாகத் தந்தை சொல்லியிருப்பார். அந்த மேஸ்திரி இன்று உயிரோடிருக்கமாட்டார். கடைக்காலின் ஆழம் என்ன, அகலம் என்ன, அடியில் என்ன கம்பி என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு தாளும் இராது. மனைப்பத்திரத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி மூன்று தலைமுறை காக்கத் தெரிந்த நமக்கு, அம்மனைமீது நிற்கும் கட்டடத்தின் கம்பி வரைபடத்தை ஓராண்டுகூடக் காக்கத் தோன்றாதது வியப்பே.

கடலோரத்தில் இக்குறை இருமடங்கு தீங்கு பயக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது பருமனில் பன்மடங்கு பெருகி, தன்னைச் சூழ்ந்துள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. ஆதலால்தான் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட 456-ஆம் எண் நெறித்தொகுப்பு, தீங்கற்ற சூழலில் கம்பியின்மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் உறை போதும் என்று விதித்து, கடற்கரைச் சூழலுக்கு நேரே வெளிப்பட்டு நிற்கும் கட்டடங்களில் அவ்வுறை 45 மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்றும், கான்கிரீட்டின் தரம் எம்30-க்குக் கீழிறங்கலாகாது என்றும் வகுத்துள்ளது. ஏட்டிலுள்ள இந்த 45 மில்லிமீட்டர் களத்தில் என்னவாகிறது என்பதைத் தளம் போடும் நாளில் அருகிருந்து பார்த்தால் விளங்கும். கம்பிக்கூட்டின் அடியில் வைக்கவேண்டிய ‘கவர் பிளாக்’ என்னும் சிறு சிமென்ட் கட்டைகள் வாங்கப்படாமல், காலடியில் கிடக்கும் ஜல்லிக்கற்கள் செருகப்படுகின்றன. கலவைச் சட்டியோடு ஆட்கள் நடக்க நடக்க அந்த ஜல்லி நழுவி, கம்பி பலகையின்மீது படிந்துவிடுகிறது. கலவை இறுகுகிறது என்று ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றப்படுகிறது. ஊற்றுபவருக்கு வேலை எளிதாகிறது, கான்கிரீட்டுக்கு வலிமை குறைகிறது. மாலையில் தளம் வழவழவென்று இருக்கும். பொங்கல் வைத்து, வேலை செய்தோருக்கு விருந்தும் அளிக்கப்படும். சில ஆண்டுகளில், கூடத்தின் மின்விசிறிக்கருகே காரை உப்பி உதிர்ந்து, பலகையில் படிந்த அதே கம்பி பழுப்பாக வெளியே தெரியும்போது, மீண்டும் சிமென்ட் பூசி வெள்ளையடிக்கப்படும். கம்பி கட்டி முடிந்து கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரமே பொறியாளர் வந்து நிற்கவேண்டிய நேரம். நம் ஊர்களின் வீட்டு வேலைகளில் அவர் வாராத நேரமும் அதுவே.

மண்ணும் இங்கு ஒருபடித்தன்று. கேப்பர் மலையின் செம்மண் மேட்டில் நிற்கும் வீட்டுக்குப் பொருந்தும் கடைக்கால், கெடிலத்தின் கழிமுகத்து மணலில் எழும் தேவனாம்பட்டினத்து வீட்டுக்குப் பொருந்தாது; அவ்விரண்டும், மழைக்கு ஊதிக் கோடைக்கு வெடிக்கும் சிதம்பரம் வட்டத்துக் களிமண்ணுக்குப் பொருந்தா. கொள்ளிடத்து வண்டல்நிலத்தில் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வயலைக் கண்டு வளர்ந்த உழவர், அதே வயலை மனையாக்கி வீடு கட்டும்போது, மண் தன் இயல்பை மறந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். மண்ணாய்வுக்கு ஆகும் செலவு, கிரகப்பிரவேசப் பந்தலுக்கும் விருந்துக்கும் ஆகும் செலவில் சிறு பங்கே.

புதிதாகக் கட்டுவதினும், உள்ளதை இடித்து மாற்றுவதில்தான் கவலை மிகுதி. சிதம்பரத்தில் கோயிலைச் சூழ்ந்துள்ள நான்கு வீதிகளிலும், கடலூர் முதுநகரின் பழைய கடைத்தெருக்களிலும், சுண்ணாம்புக் காரையும் தேக்கு விட்டங்களும் கொண்டு எழுப்பப்பட்ட ‘மதராஸ் தளம்’ வீடுகள் இன்னும் சில எஞ்சியுள்ளன. அவற்றில் தூண் என்று தனியே ஒன்றில்லை, சுவரே தூண். வீட்டின் முன்பகுதியைக் கடையாக மாற்ற விரும்புவோர், இரும்புக் கதவு மாட்டுவதற்காக அச்சுவரை இருபது அடி அகலத்துக்குத் திறந்துவிட்டு, மேலே ஓர் இரும்பு உத்திரத்தை நுழைத்து, வேலை முடிந்தது என்று கருதுகின்றனர். பல தலைமுறையாக நீளச் சுவர் முழுவதும் பரவி இறங்கிய எடை, ஒரே நாளில் இரண்டு முனைகளில் குவிந்து, நெருக்கத்தால் பொடியும் பழஞ்செங்கல்லின்மீது அமர்கிறது. சுவர் அன்றே விழுவதில்லை. அதுவே இதன் கொடுமை. முதல் மழையிலும் விழாது. விழும்போது, கதவு மாட்டியவர் நினைவில்கூட இருக்கமாட்டார்.

பயன்பாட்டை மாற்றுவது கட்டடத்தையே மாற்றுவதாகும் என்பதற்கு உலகம் பெருவிலை கொடுத்துப் பெற்ற பாடம், தென்கொரியாவின் சியோல் நகரில் 1995 ஜூன் 29 அன்று வீழ்ந்த சாம்பூங் பல்பொருள் அங்காடி. வேறு பயனுக்கெனத் தொடங்கப்பட்ட கட்டடம் அங்காடியாக மாற்றப்பட்டது. நகரும் படிக்கட்டுகளுக்கு இடம்விடத் தூண்கள் குறைக்கப்பட்டன. ஐந்தாவது தளம் ஒன்று சேர்க்கப்பட்டு, அதில் உணவகங்கள் வைக்கப்பட்டன. கூரைமேல் கனத்த குளிர்சாதனக் கருவிகள் ஏற்றப்பட்டன. இம்மாற்றங்களுக்கு உடன்பட மறுத்த முதல் ஒப்பந்த நிறுவனம் விலக்கப்பட்டது. இடிந்த நாளில் மாண்டோர் 502 பேர். அக்கட்டடத்தில் செய்யப்பட்டவை ஒவ்வொன்றும், அளவில் சிறியதாக, நம் கடைத்தெருக்களில் நாள்தோறும் செய்யப்படுகின்றன என்பதை வாசகர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தொலைநாட்டுக்குச் செல்லவும் வேண்டியதில்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது சரிந்து 61 உயிர்களைக் கொண்டது. ஓய்வுபெற்ற நீதியரசர் ரகுபதி தலைமையில் ஆணையம் அமைந்தது. எதிரே நின்ற இரட்டைக் கட்டடம், 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அக்காட்சியை மாநிலமே தொலைக்காட்சியில் கண்டது. கண்டோரில் எத்தனை பேர் தம் வீட்டுத் தூணை மறுநாள் திரும்பிப் பார்த்தனர்?

விரிசலின் எச்சரிக்கை கேட்கப்படுவதற்கும் கேட்கப்படாமைக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டு நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டுகின்றன. திருக்காளத்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய இராசகோபுரம், நெடுங்காலமாக விரிசல் கண்டு, 2010 மே 26 அன்று இரவு முற்றாக இடிந்து விழுந்தது. விரிசல் திடீரென விரிவதைக் கண்டு, கோபுரத்தைச் சுற்றியிருந்த கடைகளும் வீடுகளும் முன்கூட்டியே காலி செய்யப்பட்டிருந்தமையால், ஏறத்தாழ 500 ஆண்டுக் கோபுரம் வீழ்ந்தும் ஓருயிரும் போகவில்லை. வங்கதேசத்துச் சாவார் நகரின் ராணா பிளாசாவில் 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல் தோன்றியபோது, பார்வையிட்ட பொறியாளர் கட்டடம் பயன்படுத்தத் தகுதியற்றது என்றே சொன்னார். கீழ்த்தளங்களிலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளத்துத் தையற்கூடங்களுக்கு மட்டும் மறுநாள் காலை தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வங்கிக்கு எட்டிய சொல் தையற்காரிகளுக்கு எட்டாமற் போனது பொறியியலின் குறையன்று.

திருக்காளத்திக் கோபுரத்தை நினைக்கும்போது, அதே அரசரின் பெயரோடு இணைந்த சிதம்பரத்து வடக்குக் கோபுரத்தை நினையாதிருக்க இயலாது. அவருடைய கற்சிலை அதனுள் இன்றும் கைகூப்பி நிற்கிறது. கீழே கருங்கல்லும் மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையுமாக எழுந்த இத்தகைய கோபுரங்களைச் செப்பனிடுவது, வண்ணம் தீட்டிக் கலசம் ஏற்றுவதோடு முடிவதில்லை. இடுக்கில் வேர்விட்ட ஓர் அரசஞ்செடி, மூச்சுவிடும் சுண்ணாம்புக்குமேல் மூச்சடைக்கும் சிமென்ட் பூச்சு, அடிமண்ணில் மாறிவரும் நிலத்தடி நீர்மட்டம் ஆகியவற்றைத் தொடர்ந்து கண்காணிக்க, ஸ்தபதியின் மரபறிவும் பொறியாளரின் அளவைக் கருவியும் ஒருங்கே வேண்டும். 2023 ஆகஸ்ட் 5 அன்று திருவரங்கத்துக் கிழக்குக் கோபுரத்தின் ஒரு பகுதி நள்ளிரவு கழிந்து இடிந்ததும், அது நள்ளிரவாக இருந்ததனாலேயே உயிரிழப்பின்றித் தப்பியதும் அண்மைச் செய்தி.

இயற்கை இம்மாவட்டத்தின்மீது பரிவு காட்டியதில்லை. 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை இங்கு அறுநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. 2011 டிசம்பர் 30 அன்று காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல், பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததோடு, ஆணியடித்த கூரைத் தகடுகளையும் கட்டுக்கம்பியில்லாத மதில்களையும் தெருத்தெருவாகக் கிடத்திச் சென்றது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலில் மையங்கொண்டு 5.5 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தை இப்பகுதியில் உணர்ந்தோர் இன்னும் உள்ளனர். அண்டையிலுள்ள புதுச்சேரிக்குக் காற்றுச்சுமை நெறித்தொகுப்பு வகுத்திருக்கும் அடிப்படை வேகம் வினாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர். மாடிக்குமேல் தகரக் கூரை வேயும் பற்றவைப்புக் கூடங்களில் இந்த எண்ணைக் கேட்டறிந்து ஆணி முடுக்குவோர் யார்?

சட்டம் வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், கட்டமைப்புப் பொறியாளரையும் மண்ணியல் பொறியாளரையும் பதிவுபெற்ற வல்லுநராக வரையறுத்து, 18.30 மீட்டருக்கு மேற்பட்ட உயர்மாடிக் கட்டடங்களுக்குக் கடுமையான ஆய்வை விதித்துள்ளன. 2024 ஜூலையில் தொடங்கப்பட்ட சுயசான்று முறையின்படி, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் சிறுவீடுகளுக்கு, முன்கூட்டிய கள ஆய்வின்றி இணையவழியே உடனடி ஒப்புதல் கிடைக்கிறது. அலுவலக வாயிலில் காத்துக்கிடந்தும் கையூட்டுக்கு அஞ்சியும் நொந்த மக்களுக்கு இது நல்வரவே, நாமும் வரவேற்கிறோம். ஆனால் அரசின் கண் விலகும் இடத்தில் வேறொரு கண் அமரவேண்டும். அக்கண் பொறியாளருடையதாக இராவிடில், சுயசான்று என்பது தன் பிள்ளைக்குத் தானே மதிப்பெண் இட்டுக்கொள்வதாகவே முடியும்.

இங்கே பொறியாளர் குலத்தையும் நாம் கடிந்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். காணாத மனைக்கு, எண்ணாத கம்பிக்கு, வரையாத வரைபடத்துக்குச் சில ஆயிரம் பெற்றுக்கொண்டு முத்திரையைக் கடன்கொடுக்கும் வழக்கம் உண்டென்பதை அத்துறையினரே மறுக்கமாட்டார். கள்ளக் கையொப்பத்தினும் இது தீது. ஏனெனில் கள்ளக் கையொப்பத்தைக் கண்டுபிடிக்கலாம், இதைக் கண்டுபிடிக்க இயலாது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972-இலேயே தனிச்சட்டமும் அவர்களை நெறிப்படுத்தப் பேரவையும் அமைந்தன. பொறியாளர்களுக்கு அதற்கிணையான ஒரு நடுவண் சட்டம் அமையாமலே அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. உரிமத்தை இழக்க நேரும் என்னும் அச்சமில்லாத இடத்தில் மனச்சான்றை மட்டுமே நம்பியிருப்பது நல்லாட்சிக்கு அழகன்று.

ஏழை எளியோர் பொறியாளருக்குக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவர் என்னும் கேள்வி நேர்மையானது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு அளிப்பது 3.5 லட்சம் ரூபாய். அதில் ஆலோசனைக் கட்டணத்துக்கு இடமில்லை. இதற்கு விடை சிதம்பரத்திலேயே இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1945 முதல் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. ‘கட்டமைப்பு’ என்னும் சொல்லைப் பட்டத்தின் பெயரிலேயே தாங்கிய படிப்பும் அங்கு உண்டு. 2013 முதல் அப்பல்கலைக்கழகம் அரசின் பொறுப்பில் உள்ளது. மருத்துவ மாணவர் நோயாளியைப் பார்த்தே கற்பதுபோல, கட்டமைப்பு மாணவர், பேராசிரியரின் மேற்பார்வையில், வாரம் ஒருநாள் கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய இடங்களில் மாடி எடுக்கவிருப்போரின் வீட்டைப் பார்வையிட்டுக் கருத்துரைக்கும் முறையை ஏற்படுத்தப் பெரும்பொருள் வேண்டாம். ஓர் அரசாணையும் ஒரு சிற்றுந்தும் போதும்.

2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் இறந்தபின்னரே, மாநிலம் முழுதும் பள்ளிக் கட்டடங்கள் ஆராயப்பட்டு, பழுதடைந்தவை இடித்தகற்றப்பட்டன. அவ்வாய்வு செய்யத்தக்கது என்பது அதற்கு முன்னும் தெரிந்ததே. மூன்று பிள்ளைகள் போனபின் செய்யப்பட்டது. கடலூர் மாநகராட்சியும் சிதம்பரம் நகராட்சியும் அத்தகைய நாளுக்குக் காத்திராமல், உள்ள கட்டடத்தின்மேல் தளம் சேர்க்கும் எவ்விண்ணப்பத்துக்கும், சுமைதாங்கும் சுவரையோ தூணையோ அகற்றும் எம்மாற்றத்துக்கும், களத்தை நேரில் கண்ட கட்டமைப்புப் பொறியாளரின் சான்றைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும், அவருடைய பெயரையும் பதிவெண்ணையும் வேலை நடக்குமிடத்தில் தெருவிலிருந்து படிக்கத்தக்க பலகையில் எழுதி வைக்கச் செய்யவேண்டும் என்றும் கோருகிறோம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறந்ததும் இம்மாவட்டத்தில் மாடி எடுக்கும் வேலைகள் தொடங்கும். அவ்வெண்ணத்தோடிருக்கும் வாசகர்கள், புதுக்கம்பிக்கு விலை கேட்கச் செல்லுமுன், பழைய கம்பியைப் பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தம் வீட்டு மொட்டைமாடிக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம்.